இருவருக்கும் ஒரே நோக்கம்: காவிரிப் படுகையின் கிறிஸ்தவத் தம்பதியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பலிபீடத்தின் முன் நின்று மணமக்கள் சொல்லும் வாக்குறுதி, இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் ஒருவரை ஒருவர் கைவிடமாட்டோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் எதைச் செய்வதற்காக இந்த இருவரும் சேர்ந்து வாழப்போகிறார்கள் என்பதைத் தம்பதியரேதான் தேடிக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பங்குகளிலும் சபைகளிலும், பிரிந்துபோகும் எண்ணத்தோடு வரும் தம்பதியரிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே நிலைமை வெளிப்படும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை, உறவினர் வீட்டு விசேஷம் ஆகியவற்றைத் தவிர அவர்கள் இருவரும் சேர்ந்து கவலைப்படவும் மகிழவும் வேறொன்றும் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கான வழிகளைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

திருமணம் நிச்சயமானவர்கள் முதல் படியிலிருந்து தொடங்கலாம். மணமாகிப் பல ஆண்டுகள் ஆனவர்கள் இரண்டாம் படியை ஒருமுறை வாசித்துவிட்டு, அங்கே பேசாமல் விட்டுப்போன செய்தி ஏதேனும் இருந்தால் அதை முதலில் பேசி முடிக்க வேண்டும். எதையும் ஒரே வாரத்தில் செய்து முடிக்க முயல வேண்டாம். ஒரு சம்பாப் பருவத்துக்கு ஆகும் ஐந்து மாதங்களையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

முதல் படி: திருமணத்தின் நோக்கத்தை வேதத்திலிருந்து சேர்ந்து வாசியுங்கள்

ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரத்தை, கத்தோலிக்கர் தொடக்கநூல் என்று வாசிக்கும் அதே பகுதியை, இருவரும் மெதுவாக வாசியுங்கள். மனிதன் தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று கடவுள் சொல்வது 18ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முன்பே, 15ஆம் வசனத்தில், தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவனை அங்கே வைத்தார் என்று வந்துவிடுகிறது. வேலை முதலில் கொடுக்கப்படுகிறது. அந்த வேலையைத் தனியாகச் செய்வது நல்லதல்ல என்பதால் துணை கொடுக்கப்படுகிறது. நிலத்தைப் பண்படுத்தியே பிழைத்துவரும் ஒரு வட்டாரத்து மக்களுக்கு இந்த வரிசை எளிதில் விளங்கும்.

அடுத்து, அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரைப் பாருங்கள். இராயனாகிய கிலவுதியுவின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் அவர்கள். கொரிந்துவில் கூடாரம் செய்யும் தொழிலை நடத்திக்கொண்டே பவுலைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பிறகு எபேசுவுக்குப் போனார்கள். அங்கே நன்றாகப் பேசத் தெரிந்த, ஆனால் முழுமையாக அறியாத அப்பொல்லோவை அழைத்துச் சென்று இன்னும் திட்டமாகக் கற்பித்தார்கள். ரோமர் 16ஆம் அதிகாரத்தில் மறுபடியும் அவர்கள் பெயர் வருகிறது. அப்போதும் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடுகிறது. ஊர் மாறியபோதெல்லாம் அவர்களோடு தொழிலும் போனது, திறந்த வீடும் போனது. பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தம்பதியரை வேதத்தில் காண்பது அரிது. புதிய ஏற்பாடு அவர்களை ஒருமுறைகூடத் தனித்தனியாகக் குறிப்பிடவில்லை என்பதையும், சில இடங்களில் மனைவியின் பெயரே முதலில் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவதாக யோசேப்பு. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தம் தமிழ்க் காப்பியத்துக்குப் பாட்டுடைத் தலைவராக இந்தச் சூசையப்பரையே தேர்ந்துகொண்டார். மரியாளுக்கு முதலில் வந்த அழைப்பைத் தன் அழைப்பாகவும் ஏற்றுக்கொண்ட கணவர் அவர். நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தையும் இல்லை. எழுந்தார், அழைத்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார் என்று அவர் செய்தவை மட்டுமே இருக்கின்றன. குடும்பத்தின் நோக்கம் எப்போதும் கணவனிடமிருந்தே வரவேண்டும் என்று நினைப்பவர்கள் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களை மறுபடி வாசிக்க வேண்டும்.

திருச்சபைகளும் இதைப் பற்றி எழுதியிருக்கின்றன. ஆங்கிலிக்கச் சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபநூல், பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது, பாவத்துக்கு விலகியிருப்பது, ஒருவருக்கொருவர் துணையும் ஆறுதலுமாக இருப்பது என்று திருமணத்துக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் குடும்பத்தைக் குறித்து எழுதிய மடலில், அன்பின் சமூகமாக வாழ்வது, உயிருக்குப் பணிசெய்வது, சமுதாய வளர்ச்சியில் பங்கேற்பது, திருச்சபையின் பணியில் பங்கேற்பது என நான்கு பணிகளைக் குறிப்பிட்டார். இந்த நான்கில் பாதி வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கும் மனிதரைப் பற்றியது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இரண்டாம் படி: நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் இடையில் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள்

நம் பக்கத்தில் பெரும்பாலான திருமணங்கள் உறவினர்கள் பார்த்துச் செய்துவைப்பவை. பெண் பார்க்கும் அன்று இரண்டொரு வார்த்தை, நிச்சயமான பிறகு இரவில் நீளும் தொலைபேசிப் பேச்சு, பிறகு திருமணம் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. அந்தத் தொலைபேசிப் பேச்சில் அன்பு இருக்கிறது; ஆனால் கடனைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் பேசத் தயக்கம் இருக்கிறது. திருச்சபை இதற்காகவே நேரத்தைக் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்படுகிறது. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பொதுவாகத் திருமணங்கள் வைக்கப்படுவதில்லை. கத்தோலிக்க மறைமாவட்டங்களில் திருமணத் தயாரிப்புப் பயிற்சி கட்டாயம். இந்தப் பயிற்சியை ஒரு சான்றிதழ் வாங்கும் சடங்காகக் கருதாமல், அங்கே கேட்டதை அன்று இரவே இருவரும் பேசிப் பாருங்கள்.

முதலில் வழிபாடு. 1706ஆம் ஆண்டு ஜூலையில் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது முதல், கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இப்பகுதியில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்துவருகிறார்கள். இன்று கத்தோலிக்கப் பெண்ணும் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பையனும், லுத்தரன் பையனும் பெந்தெகொஸ்தே பெண்ணும் மணம் செய்துகொள்வது புதிதில்லை. எந்த ஆலயத்துக்குப் போவது, பிள்ளைக்கு எப்போது, எங்கே ஞானஸ்நானம் கொடுப்பது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதை மற்றவர் எப்படிப் பார்க்கிறார் ஆகியவற்றைத் திருமணத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். கத்தோலிக்கர் ஒருவர் மற்றொரு சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணக்க மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக அவர் வாக்குக் கொடுக்கவும் வேண்டும். அப்படியொரு வாக்கு கொடுக்கப்படுவதை மற்றவர் கல்யாண வாரத்தில்தான் அறிகிறார் என்றால், நம்பிக்கை அங்கேயே குறைந்துவிடுகிறது.

அடுத்து வரதட்சணை. கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அதற்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம், ஒரு வண்டி என்று பேசி முடித்த திருமணத்தில், இருவரும் சமமாக நின்று ஒரு நோக்கத்தை ஏற்பது மிகக் கடினம். ஒருவர் கொடுத்த வீட்டாராகவும் மற்றவர் வாங்கிய வீட்டாராகவும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளையே எழுந்து, தன் பெற்றோரிடம், “அப்பா, எங்களுக்கு எதுவும் வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா உங்களுக்கு மரியாதையா இருக்காது” என்று முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ஜாதியைப் பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாதென்று 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சாவூர்ச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த வேற்றுமை இன்றும் நம் சம்பந்தப் பேச்சுகளில் இருக்கிறது. நற்கருணை மேடையில் ஒரே அப்பத்தைப் பகிர்ந்துவிட்டு, வீட்டில் ஜாதி பார்க்கும் குடும்பமாக இருக்கமாட்டோம் என்பதைத் தம்பதியர் தங்களுக்குள் முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

கடன், உடல்நலக் குறைவு, வேலை, திருமணத்துக்குப் பிறகு வசிக்கும் இடம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆகியவற்றையும் மறைக்காமல் பேசுங்கள். ஆலயப் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு நின்றுவிடாமல், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நோக்கத்தைத் தாளில் எழுதுங்கள்

வீடு கட்டுவது, பிள்ளையை மருத்துவம் படிக்கவைப்பது, அடகு வைத்த நிலத்தை மீட்பது ஆகியவை நல்ல ஆசைகள். ஆனால் அவை ஒருநாள் நிறைவேறிவிடும், அல்லது நிறைவேறாமலே போய்விடும். இரண்டிலும் தம்பதியர் அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பார்கள். நான் இங்கே நோக்கம் என்று சொல்வது, வருமானம் கூடினாலும் குறைந்தாலும் இருவரும் செய்துகொண்டே இருக்கக்கூடிய, பிறருக்குப் பயன்படும் ஒரு பணி.

ஒரு ஞாயிறு மாலை, இருவரும் தனித்தனித் தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். நம் ஊரில், நம் உறவில், யாருடைய துன்பம் என்னை அதிகம் வருத்துகிறது? அதற்கு உதவக்கூடிய எந்தத் திறமையை, நேரத்தை, பொருளைக் கடவுள் என்னிடம் தந்திருக்கிறார்? அறுபது வயதில் திரும்பிப் பார்க்கும்போது, உன்னோடு சேர்ந்து எதைச் செய்யாமல் விட்டிருந்தால் நான் வருந்துவேன்? எழுதி முடித்த பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, மற்றவர் எழுதியதை ஒருமுறை முழுவதும் வாசிக்கும் வரை ஒன்றும் பேசாதீர்கள். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள்கூட இந்த இடத்தில் வியந்துபோவதுண்டு. எப்போதும் சமையலறையிலும் கடைத்தெருவிலும் பார்த்துப் பழகிய மனிதருக்குள் இப்படியொரு ஏக்கம் இருந்ததா என்று.

இரண்டு தாள்களிலும் ஒத்துப்போகும் இடத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை உருவாக்குங்கள். “எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் பத்தாம் வகுப்புக்கு முன் படிப்பை நிறுத்தாதபடி பார்த்துக்கொள்வோம்” என்று ஒரு ஆசிரியையும் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் அவர் கணவரும் எழுதலாம். “ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் பாதயாத்திரிகர்களுக்கு நம் வீட்டுத் திண்ணையில் நிழலும் நீர்மோரும் உண்டு” என்று திருவாரூர்ச் சாலையோரத்தில் வசிக்கும் ஒரு தம்பதி எழுதலாம். ஆண்டுக்குச் சில நாட்களே நடக்கும் பணி என்றாலும், அதற்கான பானை, தயிர், ஆள், பணம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு ஆண்டு முழுவதும் இருவரையும் சேர்த்துவைக்கும். படுத்த படுக்கையான தாயை மரியாதையோடு கடைசிவரை பராமரிப்பதே ஒரு வீட்டின் நோக்கமாக இருக்கலாம்; அந்தப் பொறுப்பு மருமகள் தலையில் மட்டும் விழாமல் மகனும் கைகொடுத்தால் அது இருவருடைய நோக்கம்.

எழுதிய வாக்கியத்தை மூன்று விதத்தில் சோதியுங்கள். இதில் இருவருக்கும் உண்மையான வேலை இருக்கிறதா? வருமானம் பாதியானாலும் ஏதாவது ஒரு வடிவில் இதைச் செய்ய முடியுமா? இதனால் பயன் பெறும் மனிதரின் முகம் நமக்குத் தெரியுமா? இந்த மூன்றில் முதல் கேள்வியையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கணவர் ஒவ்வொரு இரவும் கூட்டங்களுக்கும் உபவாச ஜெபங்களுக்கும் போய்க்கொண்டிருக்க, மனைவி பிள்ளைகளோடும் மாமியாரோடும் தனியாகத் திண்டாடும் வீட்டில், ஊழியம் என்ற நல்ல பெயரில் நடப்பது பகிர்ந்துகொள்ளப்பட்ட நோக்கம் ஆகாது. தன் வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவிடம் கேட்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இதேபோல், மனைவியின் ஆர்வத்தைக் கணவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டு, பிறகு ஒருநாளும் உடன்போகாமல் இருப்பதும் போதாது.

நான்காம் படி: சேர்ந்து ஜெபிக்கும் நேரத்தை நிலைப்படுத்துங்கள்

குடும்ப ஜெபம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, தாளில் எழுதிய பணிக்காக ஒரு மன்றாட்டு, அல்லது ஜெபமாலையின் ஒரு பத்து மணி போதும். நேரம் மட்டும் மாறக் கூடாது. அறுவடைக் காலத்தில் இரவு வெகுநேரம் களத்தில் இருப்பவர்கள் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணவர் வெளிநாட்டில் இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்: சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே இருக்கிறது. இங்கே இரவு ஏழு மணிக்குப் பிள்ளைகளோடு ஜெபிக்க உட்கார்ந்தால் சிங்கப்பூரில் ஒன்பதரை. வேலை முடிந்து அறைக்கு வந்தவர் தொலைபேசியில் கலந்துகொள்ள முடியும். பணம் வந்ததா, பிள்ளை படித்தானா என்ற பேச்சுக்கு முன்பாக இந்த ஜெபம் நடக்கட்டும்.

ஜெபத்தில் ஒருவர் மற்றவரைக் குறைசொல்லாதீர்கள். “ஆண்டவரே, இவர் கோபத்தை மாற்றும்” என்று கணவர் காதில் விழும்படி ஜெபிப்பது மன்றாட்டு ஆகாது.

ஐந்தாம் படி: பணத்தை நோக்கத்தின் கீழ் கொண்டுவாருங்கள்

இந்தப் படுகையில் பணம் மாதாமாதம் சீராக வருவதில்லை. குறுவை நெல் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா நெல் தைப் பொங்கலை ஒட்டியும் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது மொத்தமாக வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நகைக்கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், கைமாற்று என்று ஓடுகிறது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை, 2024இல் ஜூலை கடைசியில்தான் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் குறுவையை நம்பிப் போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். எனவே மாத வரவுசெலவுத் திட்டத்தோடு, ஆண்டுக்கு இரண்டு முறை, சாகுபடிக்கு முன் மே மாதத்திலும் சம்பா விற்ற பிறகு பிப்ரவரியிலும், இருவரும் நோட்டைத் திறந்து வைத்து உட்கார வேண்டும். மாதச் சம்பளக் குடும்பங்களும் இதையே பின்பற்றலாம்.

முதல் அமர்வில் எல்லாக் கடனும் மேசைக்கு வரவேண்டும். மனைவி மகளிர் குழுவில் தம் பேரில் எடுத்துத் தங்கைக்குக் கொடுத்த கடன், கணவர் நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, கைபேசிச் செயலியில் வாங்கிய அவசரக் கடன், கட்டாமல் நிற்கும் சீட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைக்கப்பட்ட கடன் தம்பதியருக்குள் உண்டாக்கும் காயம், கடன் தொகையைவிடப் பெரியது. “நீ ஏன் என்கிட்ட சொல்லல?” என்ற கேள்விக்கு எந்த வட்டிக் கணக்கிலும் பதில் கிடையாது. ஆகவே கேட்பவர் அன்று கோபப்படமாட்டேன் என்று முதலில் உறுதி சொல்ல வேண்டும். சொல்பவர் ஒரு ரூபாயையும் விடாமல் சொல்ல வேண்டும்.

விதைக்கும் உரத்துக்கும் மனைவியின் நகையை அடகு வைப்பது இங்கே சாதாரணமாக நடப்பது. அதைக் கேட்டு, ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். எந்த அறுவடையில் மீட்பது என்றும் நோட்டில் எழுத வேண்டும். மீட்ட நகையை மறுபடி எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்பதிலும் அவர் சொல்லுக்கே முதலிடம்.

பிறகு, ஆலயத்துக்கான காணிக்கைக்கு அப்பால், தாளில் எழுதிய பணிக்கென்று தனியாக ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். தசமபாகமா, அதற்குக் குறைவா என்ற விவாதத்தில் தம்பதியர் சண்டை போடுவதை நான் விரும்பவில்லை. அவனவன் தன் மனதில் நியமித்தபடி, விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இருவருக்கும் பொருந்தும். ஒருவர் நியமித்ததை மற்றவர் விசனத்தோடு கொடுக்கும்படி ஆகக் கூடாது. அறுப்பின் பண்டிகைக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுபோகும் குடும்பம், அதே நாளில் இந்தப் பணிக்கும் ஒரு மரக்கால் நெல்லின் விலையை எடுத்துவைக்கலாம்.

ஆறாம் படி: பெற்றோரை நோக்கத்துக்கு உள்ளே அழையுங்கள்

புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்ற வசனத்தை, பெற்றோரை விட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போகச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டே, தீர்மானம் எடுக்கும் இடம் தம்பதியரிடம் மாற வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெற்றோரிடம் தாமே பேசுங்கள். மாமியாரிடம் மறுத்துச் சொல்லும் பொறுப்பை மருமகளிடம் விடாதீர்கள். “அம்மா, இதை நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம், கோபிச்சுக்காதீங்க” என்று மகன் சொன்னால் பாதிச் சிக்கல் எழாது. பெற்றோருக்கு உங்கள் பணியைச் சொல்லி, அவர்களால் முடிந்த ஒரு பங்கையும் கொடுங்கள்.

ஏழாம் படி: சண்டையிலும் ஒரு ஒழுங்கு இருக்கட்டும்

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்ற எபேசியர் நிருபத்தின் வார்த்தையை நடைமுறைக்குக் கொண்டுவர மூன்று விதிகள் போதும். பிள்ளைகள் முன்னும் உறவினர் முன்னும் சண்டையைத் தொடராதீர்கள். பழைய கணக்கை எடுக்காமல் இன்றைய காரணத்தை மட்டும் பேசுங்கள். ஒருவர் பேசி முடித்ததை மற்றவர் தம் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லுங்கள். இரவுக்குள் தீராவிட்டால், நாளை எந்த நேரத்தில் மறுபடி பேசுவது என்பதையாவது முடிவு செய்துவிட்டுத் தூங்குங்கள். தீர்க்க முடியாமல் நீளும் சண்டைக்கு, இருவரும் மதிக்கும் ஒரு மூத்த தம்பதியிடமோ, பங்குத்தந்தையிடமோ, போதகரிடமோ சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் போய்ப் புகார் சொல்லிவருவது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும்.

குடியும் அடியும் வேறு வகை. மனைவியை அடிக்கும் வீட்டில், பொது நோக்கம் என்ற பேச்சையே முதலில் நிறுத்திவைக்க வேண்டும். அவருடைய பாதுகாப்பு அதற்கு முன்னால் வருகிறது. சிலுவையைச் சும என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவது கிறிஸ்துவின் பெயரால் செய்யும் அநியாயம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். குடிக்கு அடிமையானவருக்கு ஜெபத்தோடு மருத்துவச் சிகிச்சையும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று விடாதீர்கள்.

எட்டாம் படி: பிள்ளையில்லாத ஆண்டுகளிலும் இழப்பிலும் நோக்கத்தை விடாதீர்கள்

திருமணமாகி ஓராண்டு முடிவதற்குள் “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. மூன்றாண்டு, ஐந்தாண்டு ஆகும்போது கேள்வி பெண்ணை நோக்கி மட்டும் திரும்பிவிடுகிறது. வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வரும் தம்பதியரின் வேதனை நம் பங்குகளில் பலருக்கும் தெரியும். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, லூக்கா முதல் அதிகாரத்தின் வசன வரிசையைக் கவனியுங்கள் என்பதுதான். சகரியாவும் எலிசபெத்தும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள் என்பது 6ஆம் வசனம். அவர்களுக்குப் பிள்ளையில்லாதிருந்தது என்பது 7ஆம் வசனம். நீதிமான்கள் என்று பெயர் பெறுவதற்குப் பிள்ளை ஒரு நிபந்தனையாக வைக்கப்படவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளுக்குப் பிள்ளைகள் இருந்ததாகவும் வேதம் எங்கும் சொல்லவில்லை. அவர்கள் வீடு நிறைந்தே இருந்தது.

நடைமுறையில், இருவரும் சேர்ந்து மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கள். கணவருக்கும் பரிசோதனை வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிகிச்சைக்கு எவ்வளவு பணம், எவ்வளவு காலம் என்று முன்கூட்டியே பேசி எல்லை வையுங்கள். தத்தெடுப்பதாக இருந்தால் சட்டபூர்வமான வழியில் மட்டுமே செய்யுங்கள். உறவினரின் கேள்விகளுக்குக் கணவரே முன்வந்து பதில் சொல்லட்டும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், தாளில் எழுதிய பணியைப் பிள்ளை பிறக்கும் வரை தள்ளிவைக்காதீர்கள். பிள்ளை பிறந்தால் அந்தப் பணிக்குள்தான் அது வளரப்போகிறது.

இழப்பைப் பற்றியும் இந்த மண்ணில் பேசாமல் இருக்க முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நாகப்பட்டினம் கடற்கரையையும் வேளாங்கண்ணியையும் சுனாமி தாக்கியது. ஒரே வீட்டில் பிள்ளைகள் அனைவரையும் இழந்த பெற்றோர் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. இப்படிப்பட்ட இழப்புக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரே விதமாகத் துக்கப்படுவதில்லை. ஒருவர் ஓயாமல் பேசுவார், மற்றவர் வாயே திறக்கமாட்டார். பேசாதவருக்கு அன்பில்லை என்று பேசுபவர் எண்ணிக்கொள்வார். அந்தச் சமயத்தில் பெரிய நோக்கங்களை எடுத்துப் பேச வேண்டாம். சில மாதங்கள் சேர்ந்து ஆலயத்துக்குப் போவதும், சேர்ந்து சாப்பிடுவதும், இழந்த பிள்ளையின் பெயரைத் தயங்காமல் சொல்வதுமே போதும். பிறகு, தங்களைப் போலவே இழந்த இன்னொரு வீட்டுக்கு ஒருநாள் இருவரும் சேர்ந்து போய்வரலாம். பழைய பணி அதிலிருந்து புதிய வடிவில் தொடங்குவதற்கு வாய்ப்புண்டு. அவசரப்படுத்தக் கூடாது.

ஒன்பதாம் படி: ஆண்டுதோறும் தாளைத் திருத்துங்கள்

தண்ணீர் திறப்பதற்கு முன் வாய்க்காலைத் தூர்வாருவது போல, ஆண்டுக்கு ஒருமுறை, திருமண நாளிலோ அதை ஒட்டிய ஒரு ஞாயிற்றிலோ, எழுதிய வாக்கியத்தை எடுத்து வாசியுங்கள். கடந்த ஆண்டில் இதற்காக நாம் உண்மையில் என்ன செய்தோம்? யார் அதிகம் சுமந்தார்? யார் களைத்துப்போயிருக்கிறார்? எதை விட்டுவிடலாம்? அதிகம் சுமந்தவரே முதலில் பேசட்டும். சிறு குழந்தைகள் இருக்கும் ஆண்டுகளில் பணி பெயரளவுக்குச் சுருங்கிப்போனால் குற்றவுணர்வு வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளையும் இந்தப் பேச்சில் உட்காரவைத்து, அவர்கள் சொல்வதையும் தாளில் சேருங்கள்.

பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய், வீட்டில் மறுபடியும் இருவராக ஆகும்போது, வாக்கியத்தை முதலிலிருந்து புதிதாக எழுத வேண்டியிருக்கும். மூன்றாம் படியின் அதே மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது என்பதை மட்டும் எண்பது என்று மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் நோயில் விழுந்தால், அவரைப் பார்த்துக்கொள்வதை மற்றவரின் பணியாகத் தாளில் எழுதுங்கள். படுக்கையில் இருப்பவருக்கும் ஜெபிக்க, தொலைபேசியில் யாருக்காவது ஆறுதல் சொல்ல என்று ஒரு பங்கு வையுங்கள். உடல் தளரும் முன்பே, இந்தப் பணியை அடுத்து யாரிடம் கொடுப்பது என்றும் முடிவு செய்யுங்கள். பங்கிலோ சபையிலோ புதிதாக மணமான ஒரு தம்பதியைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டாவது உடன் வைத்துச் செய்து காட்டி, செலவுக் கணக்கு நோட்டையும் கையில் கொடுத்து ஒப்படையுங்கள்.